39 வாரத்தில் வலி வரவைப்பது, அப்புறம் லோ கார்ப்: எதை எப்போது தொடங்கலாம்?

முதல் குழந்தை. 37 வாரம் முடிந்துவிட்டது. கர்ப்பகாலச் சர்க்கரை இருக்கிறது, ஆனால் மாத்திரை, இன்சுலின் இல்லாமல் சாப்பாட்டிலேயே கட்டுப்பட்டு நிற்கிறது. 39 வாரம் ஆனதும் வலி வரவைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அது எப்படி இருக்கும், பட்டவர்கள் சொல்லுங்கள். குழந்தை பிறந்த கையோடு மாவுச்சத்தைக் குறைக்கும் லோ கார்ப் உணவுக்கு மாறி எடையையும் சர்க்கரையையும் சேர்த்துக் குறைத்துவிடலாமா என்பது கேள்வி.

இரண்டும் எனக்கு நடந்தவை. போதாததற்கு உணவு ஆலோசகராக என் வேலையும் கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவர்களோடுதான். சுருக்கமாகச் சொன்னால், வலி வரவைப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், ஆனால் கர்ப்பப்பை வாய் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்காமல் தேதி வாங்காதீர்கள். லோ கார்ப் தாராளமாகத் தொடங்கலாம், ஆனால் பிறந்த கையோடு வேண்டாம். பிரசவத்துக்குப் பிந்தைய சர்க்கரைப் பரிசோதனை முடியட்டும், தாய்ப்பால் நிலைக்கட்டும். பால் கொடுக்கும்வரை, மாவுச்சத்தை ஏறக்குறைய முழுவதும் வெட்டிவிடும் கடுமையான கீட்டோ பக்கம் போகவே வேண்டாம். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பிரசவம் வரையிலான இந்தச் சில வாரங்கள். ‘இப்போதே மாவுச்சத்தை இன்னும் வெட்டினால் குழந்தை எடை ஏறாது, வலியும் வரவைக்க வேண்டியிருக்காது’ என்று ஒரு கணக்கு பலருடைய மனதில் ஓடும். வேண்டாம். நீங்கள் இப்போது சாப்பிடுவதே அளவு குறைத்த உணவுதான். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்து என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு அது 130. கர்ப்பிணியின் உடம்பு பட்டினி நிலைக்கு மற்றவர்களைவிட வெகு சீக்கிரம் போய்விடும். ராத்திரி சரியாகச் சாப்பிடாமல் படுத்தால் காலையில் சிறுநீரில் கீட்டோன் (சர்க்கரை போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள்) தெரிவது அதனால்தான். அளவை மேலும் குறைப்பதைவிட, இருப்பதைப் பிரித்துச் சாப்பிடுவதுதான் வேலை செய்யும். காலையில் உடம்பு இன்சுலினுக்கு அவ்வளவாக அடங்காது. அதே இரண்டு துண்டு ரொட்டி காலையில் சர்க்கரையை எகிற வைக்கும், மதியம் சமத்தாக இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது. அதனால் காலையில் முட்டையும் காய்கறியும் முதலில், ரொட்டி கொஞ்சமாகக் கடைசியில் என்று மாற்றிக்கொண்டேன். சாப்பிட்டதும் உட்காராமல் கொஞ்ச தூரம் நடப்பது இதற்கு இணையாக உதவும். வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழே, இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே. பெரும்பாலான இடங்களில் இதுதான் இலக்கு. இது நிற்கிறதென்றால் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள்.

(விரலின் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள். வலி குறையும். குழந்தை வந்த பிறகு விரல் நுனி எல்லாவற்றுக்கும் தேவைப்படும்.)

சரி, 39 என்ற எண் எங்கிருந்து வருகிறது? தாயின் ரத்தத்தில் சர்க்கரை கூடக் கூடக் குழந்தையின் எடையும் கூடுகிறது, பிரசவச் சிக்கல்களும் கூடுகின்றன. 9 நாடுகளில் 23,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பார்த்து 2008-இல் வெளிவந்த ஹாப்போ ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இதற்குமேல் ஆபத்து, இதற்குக்கீழ் இல்லை என்று ஒரு கோடு அதில் கிடைக்கவில்லை, சீராக ஏறிக்கொண்டே போனது. இன்று பல நாடுகளில் பயன்படும் குளுக்கோஸ் பரிசோதனை வரம்புகள் (வெறும் வயிற்றில் 92, குடித்து ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153) அந்த ஆய்விலிருந்து வந்தவைதான். தலை வெளியே வந்து தோள் சிக்கிக்கொள்வதுதான் பெரிய குழந்தையில் எல்லோரும் பயப்படும் விஷயம். இன்னொரு பக்கம், 39 வாரத்துக்கு முன்னால் அவசரப்பட்டு எடுத்தால் குழந்தையின் நுரையீரல் முழுதாகத் தயாராகாமல் இருக்கலாம். தாய்க்குச் சர்க்கரை இருந்தால் அது இன்னும் கொஞ்சம் தாமதமாகவே முதிர்கிறது. இரண்டுக்கும் நடுவில் விழுவதுதான் 39.

ஆனால் உங்களைப் போல உணவிலேயே கட்டுப்பட்டிருப்பவர்களுக்கு 39 என்பது ஒரு நாள் அல்ல, ஒரு ஜன்னலின் ஆரம்பம். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் வழிகாட்டுதல் 39 வாரத்திலிருந்து 40 வாரம் 6 நாள் வரை இடம் தருகிறது. பிரிட்டனிலும் 40 வாரம் 6 நாளைத் தாண்டக் கூடாது என்பதுதான் பேச்சு. மருந்து எடுப்பவர்களுக்குத்தான் 39 வாரம் முதல் 39 வாரம் 6 நாளுக்குள் முடிப்பது நல்லது என்கிறார்கள். ஆகவே சர்க்கரை கட்டுக்குள் இருந்து, குழந்தையின் அசைவும் பனிக்குட நீரின் அளவும் சரியாக இருந்து, ரத்த அழுத்தமும் ஏறாமல் இருந்தால், ‘இன்னும் சில நாள் பொறுத்துப் பார்க்கலாமா?’ என்று கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. அசைவு குறைந்தாலோ அழுத்தம் ஏறினாலோ இந்தப் பேச்சே கிடையாது, உடனே போய்விட வேண்டும்.

‘ஸ்கேனில் குழந்தை பெரிதாகத் தெரிகிறது’ என்பதை மட்டும் காரணமாகச் சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். கடைசி மாத ஸ்கேன் சொல்லும் எடை 10 முதல் 15 சதவீதம் வரை முன்னேபின்னே இருக்கலாம். மூன்றரைக் கிலோ என்று சொன்னது மூன்றாகவும் பிறக்கலாம், நான்காகவும் பிறக்கலாம்.

அடுத்து எல்லோரும் கேட்பது, வலி வரவைத்தால் சிசேரியனில்தான் முடியும் என்கிறார்களே, உண்மையா? இந்தப் பயம் எங்கும் உள்ளது. 2018-இல் அமெரிக்காவில் வெளியான ‘அரைவ்’ என்ற பெரிய ஆய்வு இதை நேராகப் பார்த்தது. சிக்கலில்லாத முதல் கர்ப்பம் கொண்ட 6,106 பெண்கள். ஒரு பாதிக்கு 39-ஆவது வாரத்தில் வலி வரவைத்தார்கள், இன்னொரு பாதியைத் தானாக வரட்டும் என்று விட்டார்கள். சிசேரியன் முதல் குழுவில் 18.6 சதவீதம், இரண்டாவதில் 22.2. அதாவது கூடவில்லை, கொஞ்சம் குறைந்தது. உடனே எல்லோரும் 39-இல் வலி வரவைத்துக்கொள்ளலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த ஆய்வில் பெண்களுக்கு நிறைய நேரம் கொடுத்தார்கள், சீக்கிரம் கைவிடவில்லை. அதே பொறுமை உங்கள் ஆஸ்பத்திரியில் உண்டா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டியது. பனிக்குடம் உடைத்து டிரிப்ஸ் ஏற்றிய பிறகு, தாயும் சேயும் நலமாக இருக்கும்வரை, குறைந்தது 12 முதல் 18 மணி நேரம் பார்க்காமல் ‘வலி வரவைத்தது பலிக்கவில்லை’ என்று முடிவு கட்டக் கூடாது என்பது இன்றைய நடைமுறை.

இப்போது கர்ப்பப்பை வாய்க்கு வருகிறேன். வலி வரவைப்பது சுலபமா கஷ்டமா என்பதைத் தீர்மானிப்பதில் இதற்குத்தான் பெரிய பங்கு. 1964-இல் எட்வர்ட் பிஷப் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தார், இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, எவ்வளவு மிருதுவாகியிருக்கிறது, முன்பக்கம் வந்திருக்கிறதா, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது. ஐந்தும் சேர்ந்து 13 மதிப்பெண். 8-க்கு மேல் என்றால் தானாக வலி வருபவருக்கு இருக்கும் அதே சுகப்பிரசவ வாய்ப்பு உங்களுக்கும் உண்டு. 6 அல்லது அதற்குக் கீழே என்றால் முதலில் வாயைப் பதப்படுத்த வேண்டும், அதற்கே ஒரு ராத்திரி போகலாம். அடுத்த முறை உள்பரிசோதனை செய்யும்போது ‘என் பிஷப் ஸ்கோர் எவ்வளவு?’ என்று கேளுங்கள். டாக்டர் ஒரு நொடி உங்களை நிமிர்ந்து பார்ப்பார், அப்புறம் ஒழுங்காகப் பதில் சொல்வார்.

பதப்படுத்துவதற்கு இரண்டு வழி, ஒன்று பலூன், இன்னொன்று மருந்து. பலூன் என்பது சிறுநீர் போக வைக்கும் அதே ரப்பர் குழாய்தான். கர்ப்பப்பை வாய்க்குள் நுழைத்து, நுனியிலுள்ள பலூனில் 30 முதல் 80 மி.லி. வரை நீர் ஏற்றுவார்கள். அது உள்ளிருந்து அழுத்த அழுத்த வாய் திறக்கும். மருந்தில் டைனோபுரோஸ்டோன் ஜெல்லாகவோ நாடா வைத்த துண்டாகவோ வரும்; மிசோபுரோஸ்டால் மாத்திரை 25 மைக்ரோகிராம் போன்ற சின்ன அளவில் கொடுப்பார்கள். வித்தியாசம் எங்கே என்றால், பலூனை வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம், நாடா வைத்த துண்டையும் இழுத்துவிடலாம், ஆனால் விழுங்கிய மாத்திரையைத் திரும்ப வாங்க முடியாது. 10 நிமிடத்தில் 5-க்கு மேல் வலி வந்தால் கர்ப்பப்பைக்கு ஓய்வே இல்லை, குழந்தைக்கு ரத்த ஓட்டம் குறையும். அதனால்தான் மருந்து வைத்தவுடன் வயிற்றில் பெல்ட் கட்டிக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கிறார்கள். முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு மிசோபுரோஸ்டால் கொடுப்பதில்லை, பழைய தையல் விட்டுவிடும் அபாயம் உண்டு. இது உங்களுக்குப் பொருந்தாது, படிக்கும் வேறு யாருக்காவது பயன்படலாம் என்று சொல்கிறேன்.

வாய் பதமானதும் பனிக்குடத்தை உடைத்து, ஆக்ஸிடோசினை டிரிப்ஸில் ஏற்றுவார்கள். உடம்பு தானே சுரக்கும் அதே ஹார்மோன்தான் இது. பிட்யூட்டரிச் சாறு கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிறது என்று ஹென்றி டேல் 1906-இல் கண்டார். 1953-இல் வின்சென்ட் டு விக்னோ அதை ஆய்வகத்தில் செய்து காட்டினார், 1955-இல் அதற்கு வேதியியல் நோபல் பரிசும் வாங்கினார். டிரிப்ஸை மிகக் குறைந்த வேகத்தில் ஆரம்பித்து, அரை மணிக்கு ஒருமுறை என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். இதில் ஒரு நல்ல விஷயம், பம்பை நிறுத்தினால் சில நிமிடங்களிலேயே மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும்.

எனக்கு எப்படிப் போனது என்று சொல்கிறேன். என் கர்ப்பப்பை வாய் மூடி, கெட்டியாக, பின்பக்கம் திரும்பி இருந்தது, அதாவது மதிப்பெண் மோசம். சாயங்காலம் பலூன் வைத்தார்கள். வைக்கும்போது மாதவிலக்கு வலி மாதிரி ஓர் இழுவை, பலூனில் நீர் ஏறும்போது அடிவயிற்றில் கனம். அப்புறம் பெரிதாக ஒன்றுமில்லை. குழாயின் வெளி நுனியைத் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டுத் தூங்கச் சொன்னார்கள். தூக்கம் எங்கே வரும்? அதிகாலையில் கழிவறைக்குப் போனபோது பலூன் தானாக நழுவி விழுந்தது. ஏதோ ஆகிவிட்டது என்று பதறிக் கூப்பிட்டேன். ‘விழுந்தால் நல்லதுதான்மா, மூணு சென்டிமீட்டர் திறந்திருக்கும்’ என்றார் நர்ஸ், சிரித்துக்கொண்டே. அந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம். அதனால் உங்களுக்கு இப்போதே சொல்கிறேன், பலூன் விழுவது நல்ல சேதி.

டிரிப்ஸ் ஏற்றிய பிறகுதான் நிஜ வலி. தானாக வரும் வலி மெதுவாகப் படியேறும் என்று என் தோழிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்குப் படிக்கட்டே இல்லை, ஒரு மணி நேரம் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தேன், அடுத்த மணி நேரம் பேச்சு வரவில்லை. பெல்ட் கட்டியிருந்ததால் புரண்டு படுத்தால் துடிப்புச் சத்தம் நின்றுபோகும், உடனே யாராவது ஓடிவந்து சரிசெய்வார்கள். அந்தச் சத்தம் நிற்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய்த் திரும்பியது. பெரும்பாலும் பெல்ட் நகர்ந்ததுதான் காரணம். முதுகில் போடும் வலி குறைக்கும் ஊசியான எபிடியூரலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன், வருத்தமில்லை. வலி வரவைக்கும்போது நேரம் நீளும், அதில் ஒரு மணி நேரம் கண் மூட முடிந்தாலும் கடைசியில் முக்குவதற்குத் தெம்பு மிஞ்சும். நான்கு சென்டிமீட்டரில் பல மணி நேரம் நின்றேன். ஒன்றும் நடக்கவில்லையே என்று தோன்றும் இந்தக் கட்டம்தான் மனசை உடைக்கும். ஐந்து, ஆறு சென்டிமீட்டர் தாண்டிய பிறகுதான் வேகம் பிடிக்கும் என்று இப்போதைய வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. எனக்கும் ஆறுக்குப் பிறகு சடசடவென்று நடந்தது, சுகப்பிரசவம்.

அந்த நேரமெல்லாம் சர்க்கரையை மணிக்கு ஒருமுறை பார்த்தார்கள். 110-ஐத் தாண்டவிடக் கூடாது என்பதில் குறியாக இருந்தார்கள், காரணம் குழந்தை. உங்கள் சர்க்கரை ஏறினால் குழந்தை அதற்கேற்ப இன்சுலின் சுரக்கும். தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரவு நின்றுவிடும், ஆனால் குழந்தையின் இன்சுலின் உடனே நிற்காது. அதனால் பிறந்த முதல் சில மணி நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை இறங்கலாம். குதிகாலில் குத்திச் சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். பார்க்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் அவசியம். முதல் மணி நேரத்துக்குள் பால் கொடுப்பதுதான் முதல் மருந்து. 36 வாரத்துக்குப் பிறகு சீம்பாலைக் கையால் பிழிந்து சேமிக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. 2017-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, சர்க்கரை இருந்தாலும் வேறு சிக்கல் இல்லாத கர்ப்பிணிகளுக்கு இதனால் தீங்கில்லை என்று காட்டியது. டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பிரசவ வலியின் ஆரம்பக் கட்டத்தில் லேசாகச் சாப்பிட விடுவார்களா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் விதி மாறுகிறது.

நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் கதை மாறிவிடும். இன்சுலினை முடக்கிக்கொண்டிருந்த ஹார்மோன்களை அதுதான் சுரந்துகொண்டிருந்தது. மறுநாளே பலருக்குச் சர்க்கரை இயல்பாகிவிடும். இந்த இடத்தில்தான், ‘ஆகா, போய்விட்டது, இனி லோ கார்ப்பில் இறங்கி எடையையும் முடித்துவிடலாம்’ என்று தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் பரிசோதனை. பிரசவமாகி 4 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனை கட்டாயம் வேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். சிலருக்குக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே இருந்து இப்போதுதான் தெரிய வந்திருக்கும். லோ கார்ப்பில் இருந்துகொண்டு இந்தப் பரிசோதனைக்குப் போனால் முடிவு தப்பாக வரலாம். மாவுச்சத்தே பார்க்காத உடம்பு திடீரென்று 75 கிராம் குளுக்கோஸைச் சமாளிக்கத் தடுமாறும், நோய் இல்லாதவருக்கும் எண் கூடிக் காட்டும். பரிசோதனைக்கு முந்தைய 3 நாள் தினமும் குறைந்தது 150 கிராம் மாவுச்சத்து சாப்பிட வேண்டும் என்று விதியே இருக்கிறது. இது பல இடங்களில் யாரும் சொல்லாத விஷயம். என்னிடம் வருபவர்களில் கீட்டோவில் இருந்துகொண்டே பரிசோதனை செய்து, ‘சர்க்கரை நோய்’ என்ற சீட்டோடு அழுதுகொண்டு வந்தவர்கள் உண்டு. ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பச் செய்தால் சரியாக வந்திருக்கிறது. அதற்குப் பதில் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை (HbA1c) பார்க்கலாமே என்றால், பிரசவத்தில் ரத்தம் போயிருக்கும் நிலையில் அந்தச் சராசரியை நம்ப முடியாது.

இரண்டாவது காரணம் தாய்ப்பால், இதுதான் பெரியது. தாய்ப்பாலில் 100 மி.லி.க்கு ஏறக்குறைய 7 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. ஒரு நாளைக்கு 750 மி.லி. பால் என்று வைத்தால் 50 கிராமுக்கு மேல் சர்க்கரை உங்கள் உடம்பிலிருந்து பாலாக வெளியே போகிறது. கீட்டோ உணவில் நாள் முழுக்க அனுமதிக்கும் மாவுச்சத்தே 50 கிராமுக்குள்தான். வரவு முழுவதையும் குழந்தை குடித்துவிட்டால் உங்கள் மூளைக்கும் ரத்தத்துக்கும் கல்லீரல் புரதத்திலிருந்து சர்க்கரை செய்து தர வேண்டும். நல்ல நாளில் செய்துவிடும். ஒரு வேளை சாப்பாடு தவறினாலோ, காய்ச்சல் வாந்தி வந்தாலோ, கீட்டோன் ஏறி ரத்தம் அமிலமாகிவிடலாம். 2015-இல் ஸ்வீடன் மருத்துவர்கள் இப்படி ஒரு தாயைப் பற்றி எழுதினார்கள். சர்க்கரை நோய் இல்லாதவர், பால் கொடுத்துக்கொண்டிருந்தவர், கடுமையான லோ கார்ப்பில் இருந்தவர், கீட்டோ அமில நிலையோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்து தேறினார். வேறு நாடுகளிலிருந்தும் இப்படிச் சில பதிவுகள் வந்திருக்கின்றன. அடிக்கடி நடப்பதல்ல. ஆனால் இதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது, வீட்டிலுள்ள சர்க்கரை மெஷினில் எண் சாதாரணமாகவோ குறைவாகவோதான் காட்டும். அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பால் கொடுப்பவர் லோ கார்ப்பில் இருந்து, தொடர் வாந்தி, வயிற்று வலி, இழுத்து இழுத்து மூச்சு, அடங்காத தாகம் என்று வந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், ‘நான் லோ கார்ப்பில் இருக்கிறேன், பால் கொடுக்கிறேன்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பால் கொடுக்கும் தாய்க்கு 210 கிராம் மாவுச்சத்து என்பது பொதுப் பரிந்துரை. எடை குறைக்க வேண்டியவர்களுக்கு நான் 130 முதல் 150 வரை இறக்குகிறேன், அதற்குக் கீழே இல்லை. இது என் தொழில் அனுபவத்தில் வந்த எல்லை. வேறு ஆலோசகர்கள் கொஞ்சம் மாற்றிச் சொல்லலாம். எடை வேகமும் முக்கியம். பிரசவத்துக்கு ஒரு மாதம் கழித்து வாரம் அரைக் கிலோ வீதம் குறைத்த தாய்மார்களின் குழந்தைகள் வழக்கம்போலவே வளர்ந்தார்கள் என்று 2000-இல் ஓர் ஆய்வு வந்தது. அந்த வேகம் போதும்.

நான் செய்தது இது. பரிசோதனை முடியும்வரை கர்ப்பத்தில் சாப்பிட்ட அதே சாப்பாடு, ஆனால் பசித்த அளவுக்கு. பால் கொடுக்கும்போது பசி என்றால் அப்படி ஒரு பசி, அதோடு மல்லுக்கட்டாதீர்கள். பரிசோதனை சரியாக வந்த பிறகு சர்க்கரை, மைதா, பழச்சாறு மூன்றையும் நிறுத்தினேன். மாவுச்சத்தைப் பயறு, முழு தானியம், பால், முழுப் பழம் என்று மாற்றினேன். ஒவ்வொரு வேளையும் முட்டை, மீன், இறைச்சி, பயறு இவற்றில் ஏதாவது ஒன்று நிச்சயம். குழந்தை திட உணவு நன்றாகச் சாப்பிட ஆரம்பித்து, பால் குடிப்பது குறைந்த பிறகுதான் இன்னும் இறக்கினேன். முதல் வாரம் எடை மளமளவென்று இறங்கியது. சந்தோஷப்பட ஒன்றுமில்லை, அது தண்ணீர். உடம்பு கிளைகோஜனாகச் சேமித்து வைத்த ஒவ்வொரு கிராம் சர்க்கரையும் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும், அது தீரும்போது நீரும் போகும். கூடவே உப்பும் போகும். தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு எல்லாம் அதனால்தான். தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் கூட்டியதும் எனக்குச் சரியானது. ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் இதை டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள், லோ கார்ப்பில் அழுத்தமே இறங்கி மாத்திரை அளவைக் குறைக்க வேண்டி வரலாம்.

மலச்சிக்கலைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். தையலோ மூலமோ இருக்கும் நேரத்தில் நார்ச்சத்து இல்லாத லோ கார்ப் என்பது நாமே தேடிக்கொள்ளும் தண்டனை. காய்கறியும் கீரையும் தட்டில் பாதி இருக்கட்டும். மூன்று, நான்கு மாதத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும்போது பழியை உணவின் மேல் போடுவார்கள். அது பெரும்பாலும் பிரசவத்தால் வருவது, உணவு எதுவானாலும் கொட்டும், பிறகு வளரும். ஆனாலும் இரும்புச்சத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்களுக்கு, முக்கியமாகச் சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு, மாவுச்சத்தும் எடையும் குறைந்ததும் கருமுட்டை வெளியேறுவது சத்தமில்லாமல் திரும்பிவிடும். ‘எனக்குத்தான் லேசில் தங்காதே’ என்று இருந்துவிட்டு அடுத்ததைத் தாங்கி வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கருவின் நரம்புக்குழல் (பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆவது) முதல் 28 நாளுக்குள் மூடிவிடும், அதாவது பலருக்குக் கர்ப்பம் என்று தெரிவதற்குள். 2018-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கருத்தரிப்பதற்கு முன் மாவுச்சத்தை மிகவும் குறைத்திருந்த பெண்களின் குழந்தைகளில் நரம்புக்குழல் குறை 30 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. அங்கே 1998 முதல் மாவில் ஃபோலிக் அமிலம் சேர்க்கிறார்கள். மாவை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடுகிறது என்பது ஒரு விளக்கம். எனவே கருத்தடைக்கு என்ன வழி என்று பிரசவத்துக்குப் பிந்தைய பரிசோதனையிலேயே பேசி முடியுங்கள், லோ கார்ப் தொடங்கும் நாளிலிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த குழந்தை எண்ணம் இப்போதைக்கு இல்லாவிட்டாலும்தான்.